புதுக்கோழிக்கு மூன்று சுற்று

பிப்ரவரி 3, திங்கள்

வெயிலாச்சியைக் காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மதுரையிலிருந்து மகள் தங்கமாரி வந்து கூட்டிப்போனாள். அவள் வீட்டில் தங்கித்தான் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். தொண்டையில் இருக்கும் கட்டிக்குக் கரண்டு வைக்கிறார்களாம். ஒன்றரை மாதம் ஆகும், வைக்கும்போது வலி தெரியாது என்று சொல்லியிருக்கிறார்கள். நானும் வருகிறேன் என்று சட்டை மாட்டிக்கொண்டு நின்றேன்.

"அங்க வந்து வாசல்ல நின்னு பீடி குடிக்கிறதுக்கு, இங்க இருந்து கோழியப் பாருங்க" என்று சொல்லிவிட்டாள்.

பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னல் வழியாகச் சொல்லிக்கொண்டே போனாள். காலையில் கம்பு, பொழுது சாயக் குருணை. தண்ணீர்ச் சட்டியைக் கழுவாமல் ஊற்றக் கூடாது. சனிக்கிழமை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சீக்கு ஊசி போட்டுவிட வேண்டும், வெயில் ஏறுகிற காலம். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

முப்பது வருஷம் லாரி ஓட்டினேன். டிரிப் எழுதிப் பழகிய கை. ராத்திரியில் கண் மங்கி ஸ்டியரிங்கை விட்ட பிறகும் நோட்டை விடவில்லை. இனி எழுதுவதற்குக் கோழிதான் இருக்கிறது.

பிப்ரவரி 4, செவ்வாய்

கூட்டைத் திறந்தால் பதினாலும் என்னைத் தாண்டிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிவிட்டன. திரும்பக் கூப்பிட்டேன். சொளகைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் தலையைக்கூடத் திருப்பவில்லை. பொழுது சாய்ந்ததும் கூரை மேல் ஏறிய கொண்டைக்காரியைப் பிடிக்க நான் ஏணி வைத்தேன். அடுத்த வீட்டு மூக்கம்மா வேலியில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் காட்டுவானாம். அண்ணே, பாத்து. நீங்க விழுந்தா மதினி என்னயத்தான் கேப்பா."

பிப்ரவரி 5, புதன்

ஒரு வழி கிடைத்தது. சாயங்காலம் வெயிலாச்சி போனில் பேசினாள். கோழி பேச்சுக் கேட்க மாட்டேனென்கிறது என்று புகார் சொன்னேன். "போன அதுக பக்கமா வைங்க" என்றாள். ஸ்பீக்கரில் போட்டு முற்றத்தில் பிடித்தேன். "ப்பா... ப்பா... ப்பா..." என்று மதுரையிலிருந்து கூப்பிட்டாள். எங்கெங்கே இருந்தனவோ, எல்லாம் இறக்கையை விரித்துக்கொண்டு ஓடி வந்து என் காலைச் சுற்றி நின்றன. செவலைப் பெட்டை போனைக் கொத்தினாள். வெயிலாச்சி சிரித்தது கேட்டது. ஆஸ்பத்திரி எப்படி என்று கேட்டேன். "நல்லாப் பாக்காங்க" என்றாள்.

பிப்ரவரி 6, வியாழன்

முற்றத்து நடுவில் உரல் கிடக்கிறது. கிரைண்டர் வந்த பிறகு அதில் யாரும் இடிப்பதில்லை. நடக்க இடைஞ்சல். வேலி ஓரமாக உருட்டிவிடலாம் என்று கை வைத்தேன். மூக்கம்மா கத்தினாள்.

"அத அசைச்சீகன்னா மதினி வந்து உங்கள அசைச்சிருவா! புதுக்கோழி வந்தா எதச் சுத்தி விடுறது?"

மறந்தே போனேன். இந்தப் பக்கத்தில் புதுக்கோழி எது வந்தாலும் கையில் பிடித்துக்கொண்டு உரலை மூன்று சுற்றுச் சுற்றித்தான் இறக்கிவிடுவார்கள். அப்படிச் செய்தால் அது வீடு தங்கும், பழைய வீட்டைத் தேடி ஓடாது என்பது கணக்கு. கல்யாணமான புதிதில் வெயிலாச்சி ஒரு பெட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றுவதைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அன்று சாயங்காலமே எனக்கு லோடு. கிளம்பும்போது அவள் சொன்னாள்: "கோழியச் சுத்தி என்ன செய்ய? ஒங்களத்தான் மொதல்ல சுத்தி விட்டுருக்கணும்."

உரலை அங்கேயே விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 8, சனி

மூக்கம்மா விடியுமுன்னே தன் கோழிகளைக் கூடையில் அமுக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள். என்னையும் கூப்பிட்டாள். பதினாலையும் பிடிப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். அடுத்த சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னேன்.

பிறகு சும்மா இருக்க முடியாமல் சந்தைக்குப் போனேன். அங்கே ஒரு சேவல். கழுத்து பொன் நிறம், வால் கருநீலம். நம் கூட்டத்தில் இருக்கும் சேவலுக்கு வயதாகிவிட்டது என்று வெயிலாச்சி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்து பார்த்தால் அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று வாங்கி வந்தேன். கொண்டுவந்து நேரே முற்றத்தில் அவிழ்த்துவிட்டேன்.

"புதுசப் பஞ்சாரக் கூடையில தனியாக் கவுத்து வைக்கலியா? உரலயும் சுத்தல?" என்று கேட்டாள் மூக்கம்மா.

அது என்ன ஜெயிலா, சேவல் நன்றாகத்தானே இருக்கிறது என்றேன்.

ஊசி போட்டாச்சா என்று போனில் வெயிலாச்சி கேட்டாள். போட்டாச்சு என்றேன். அடுத்த வாரம் போடத்தானே போகிறோம்.

பிப்ரவரி 10, திங்கள்

சேவல் கூவவில்லை. உரல் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது. பயண அலுப்பாக இருக்கும். நானே லோடு இறக்கிவிட்டு வந்தால் இரண்டு நாள் அப்படித்தான் கிடப்பேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சேவல் செத்துக் கிடந்தது. வேலிக்கு வெளியே புதைத்தேன். வெயிலாச்சிக்குத் தெரியாத சேவல். சொல்ல வேண்டியதில்லை.

அவள் குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது. கரண்டு வைத்தால் அப்படித்தான் இருக்கும், பிறகு சரியாகிவிடும் என்று தங்கமாரி சொன்னாள்.

பிப்ரவரி 14, வெள்ளி

இரண்டு பெட்டைகள் இறக்கையைத் தொங்கவிட்டு நிற்கின்றன. கம்பைப் போட்டால் பார்க்கின்றன, கொத்தவில்லை. எச்சம் வெள்ளையும் பச்சையுமாக இருக்கிறது. சின்ன வெங்காயமும் மஞ்சளும் தட்டி உருண்டை பிடித்து வாயில் ஊட்டினேன். வெயில்தான் காரணம்.

பிப்ரவரி 15, சனி

நாலு போய்விட்டன. ஊசிக்குக் கொண்டுபோகலாமா என்று மூக்கம்மாவைக் கேட்டேன். "சீக்கு வந்த பெறகு ஊசி என்னத்துக்குண்ணே? அது வருமுன்ன போடுறது" என்றாள். சத்தம் போடாமல்தான் சொன்னாள். அதற்கு அவள் திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மூன்று. கொண்டைக்காரி கழுத்தைத் திருகிக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து நடந்து விழுந்தாள். இந்தச் சீக்கு காற்றில் வருவது. யார் என்ன செய்ய முடியும்?

பிப்ரவரி 17, திங்கள்

எழுதவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

செவலையும் போய்விட்டாள். அவள்தான் கடைசி. காலையில் என் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்திருக்கப் பார்த்தாள், கால் தரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாக்பூர் ரோட்டில் எத்தனையோ விபத்து பார்த்திருக்கிறேன், ஓடிப்போய்த் தூக்கியும் இருக்கிறேன். அப்போதெல்லாம் அழுததில்லை. ஒரு கோழிக்கு அழுதேன் என்று யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதிக்கொள்கிறேன்.

குழியில் சுண்ணாம்பு போட்டு மூடினோம். மூக்கம்மா மண்வெட்டியை வாங்கிக்கொண்டு கடைசியில் சொன்னாள்: "அந்தச் சந்தைச் சேவலு கொண்டாந்ததுதாண்ணே. என் வீட்டுலயும் ரெண்டு போச்சு. மிச்சத்துக்கு ஊசி இருந்துச்சு, பொழச்சுக்கிருச்சு."

சாயங்காலம் போன் வந்தது. குரல் பாதி காற்றாக வருகிறது. கஞ்சிதான் இறங்குகிறதாம்.

"செவல என்ன செய்தா?"

"அடைக்கு ஒக்காந்துட்டா" என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று தெரியவில்லை. "ஒக்காந்து நாலஞ்சு நாளாச்சு. மூக்கம்மா முட்ட வச்சுக் குடுத்தா."

"இரும்புத் துண்டு போட்டீகளா கூடையில? இடி இடிச்சா முட்ட கூமுட்டையாப் போகும்."

"போட்டேன்."

"அப்ப நான் வரும்போது குஞ்சோட நிப்பா" என்றாள். இத்தனை நாளில் அவள் வருவதைப் பற்றிப் பேசியது இன்றுதான். அதற்கு மேல் எப்படி உண்மையைச் சொல்வது?

பிப்ரவரி 20, வியாழன்

சேவலைப் பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து வைத்திருக்கலாம்.

பிப்ரவரி 22, சனி

வெயிலாச்சி, "போன முத்தத்துல வைங்க, அதுகளக் கூப்புட்டு நாளாச்சு" என்றாள். டவர் கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மூக்கம்மா வீட்டுக்கு ஓடினேன். அவளுக்குச் சைகை காட்டி அவள் முற்றத்தில் போனைப் பிடித்தேன். "ப்பா... ப்பா..." இருமல் வந்து நிறுத்தி, மறுபடி கூப்பிட்டாள். மூக்கம்மாவின் கோழிகளுக்கு அந்தக் குரல் பழக்கமில்லை. நான் கை நிறையக் குருணையை வாரி இறைத்தேன். ஓடி வந்து கொத்தின. அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தேன். நேரங்காலம் தெரியாமல் மூக்கம்மாவின் சேவல் ஒரு கூவு கூவியது.

வெயிலாச்சி கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"சரி, அதுகளப் பாத்துக்கிடுங்க. நீங்களும் நேரத்துக்குச் சாப்புடுங்க" என்றாள்.

நம்பிவிட்டாள். மூக்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எதற்கு அழ வேண்டும்?

பிப்ரவரி 25, செவ்வாய்

இரண்டு நாளாக வெயிலாச்சி கோழியைக் கேட்கவில்லை. என்ன சமைத்தேன் என்று மட்டும் கேட்கிறாள்.

பழைய கூட்டைக் கொளுத்தினேன். முற்றத்தைச் சுரண்டிச் சுண்ணாம்பு தெளித்தேன். உரலுக்கும் அடித்தேன்.

பிப்ரவரி 27, வியாழன்

தங்கமாரி தனியாகக் கூப்பிட்டாள், அம்மாவுக்குத் தெரியாமல்.

"அப்பா, கரண்டு வைக்கிறத நிப்பாட்டிட்டாங்க. போதும்னு சொல்றாங்க."

"நல்லதுதானம்மா? சீக்கிரமே கேட்டுருச்சா?"

"வீட்டுல வச்சு, கேட்டதக் குடுத்துப் பாத்துக்கோங்கன்னாங்கப்பா. ஒம்பதாந் தேதி ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாறேன்."

அவளுக்கு மூக்கடைப்பு போல. மதுரையில் பனி அதிகம். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டால் உடம்பு தேறும் என்பதால்தான் டாக்டரே அனுப்புகிறார். குஞ்சோடு ஒரு செவலைக் கோழி வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

மார்ச் 1, சனி

டிவிஎஸ்ஸில் நாலு ஊர் சுற்றினேன். செவலை இருந்தால் குஞ்சு இல்லை. குஞ்சு இருந்தால் தாய் கறுப்பு. ஒரு ஊரில் பிள்ளை பிடிப்பவன் என்று நினைத்து நாயை ஏவிவிட்டார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

கிடைத்துவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர். ஒரு பெண் களத்தில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் செவலைப் பெட்டை, அதே நிறம், ஏழெட்டுக் குஞ்சுகளோடு கிளறிக்கொண்டு நின்றது. விலைக்குக் கேட்டேன்.

"குஞ்சுத்தாய விக்கக் கூடாதுண்ணே. வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுக் காம்பு கிள்ளுவதைத் தொடர்ந்தாள்.

வண்டியை ஸ்டார்ட் பண்ணினேன். பிறகு அணைத்துவிட்டேன். முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சந்தைச் சேவலை வாங்கியது, ஊசி போடாமலே போட்டதாகச் சொன்னது, செவலை அடைக்கு உட்கார்ந்திருப்பதாகச் சொன்னது. என் வீட்டில் எல்லாவற்றையும் நான்தான் கொன்றேன் என்று சொன்னேன். இந்த நோட்டில்கூட அதை இதுவரை எழுதவில்லை.

"அக்காவுக்கு என்ன சீக்கு?" என்றாள்.

தொண்டையைத் தொட்டுக் காட்டினேன்.

கையை உதறிவிட்டு எழுந்து பஞ்சாரத்தை எடுத்தாள். "வெலைக்குத்தான் குடுக்கக் கூடாது. வாரத்துக்கு விடலாம், பங்குக்கு. குஞ்சு பெருசானா பாதிய எனக்குக் கொண்டாந்து குடுத்துருங்க. அக்காவையே கொண்டாரச் சொல்லுங்க." தாயையும் குஞ்சுகளையும் கூடையில் வைத்துத் துணி கட்டிக் கொடுத்தாள். "போனதும் உரலச் சுத்தி விட்டுருங்க. இல்லேன்னா ஓடயத் தாண்டி இங்கயே வந்துரும்."

அண்ணே, அக்கா என்றெல்லாம் சொன்னவளின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

புதுச் செவலையைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். உரலைச் சுற்றவில்லை. கூடையை உரல் வரை கொண்டுபோனேன், கை வரவில்லை. அது வெயிலாச்சி செய்கிற வேலை.

மூக்கம்மா இரண்டு பெட்டைகளைக் கொடுத்தாள். அவற்றுக்குப் புதுக்கூடு கட்டினேன். மற்றவை எங்கே என்று வெயிலாச்சி கேட்டால் மேயப் போயிருக்கின்றன என்று சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 8, சனி

விடியுமுன்னே எல்லாவற்றையும் கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குப் போய் முதல் ஆளாக நின்றேன். குஞ்சுகளுக்கு ஊசி இல்லை, கண்ணில் சொட்டு விட்டார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

வந்துவிட்டாள்.

காரிலிருந்து இறங்கும்போது யாரோ என்று நினைத்தேன். சேலைதான் அவளுடையது. கை பிடித்து இறக்கினேன், கனமே இல்லை. முற்றத்தில் கட்டிலைப் போடச் சொன்னாள். தங்கமாரி உள்ளே அடுப்படிக்குப் போனாள். வெயிலாச்சி ஒரு வாய் தண்ணீரைக் கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, வேலி ஓரம் கிளறிக்கொண்டிருந்த செவலையைப் பார்த்தாள். குஞ்சுகளைப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"ப்பா... ப்பா..."

குரல் இல்லை, காற்றுதான். செவலை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இன்னும் தள்ளிப் போனது. மூக்கம்மாவின் பெட்டைகள் வேலி வழியாகத் தங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றன.

"ஒங் குரல் மாறிப்போச்சுல்ல. அதான் அடையாளம் தெரியல" என்றேன். சொன்ன வாயை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. என் பொய்யைக் காப்பாற்ற அவள் சீக்கையா இழுப்பேன்?

அவள் என்னையே பார்த்தாள். கோபம் இல்லை. "குரல் மாறுனா என்ன? என் செவல நான் காலத் தூக்கி வைக்கிற சத்தத்துக்கே வருவா. இது செவல இல்ல."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "எல்லாம் போச்சு, வெயிலாச்சி. ஊசி போடல. சந்தையில ஒரு சேவல வாங்கியாந்து அவுத்து விட்டேன்."

"தெரியும். அன்னிக்குப் போன்ல கூவுனது மூக்கம்மா சேவலு. அது இழுத்துக் கூவும், நம்மளுது வெட்டிக் கூவும். எத்தன வருசமாக் கேக்கேன்."

"பெறகு ஏன் என்னய ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நீங்களும் கேப்பீக. ஆஸ்பத்திரியில உள்ளத உள்ளபடியா நான் ஒங்களுக்குச் சொன்னேன்?"

அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. அடுப்படியில் தங்கமாரி பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து வெயிலாச்சி, "இதுகள உரலச் சுத்தி விட்டீகளா?" என்றாள்.

"இல்ல."

"நெனச்சேன். பிடிச்சுட்டு வாங்க."

செவலையை முதலில் பிடித்துக் கொடுத்தேன். நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒரு கையால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். உரலைச் சுற்றி ஒன்று, இரண்டு, மூன்று. மூச்சு வாங்கக் கட்டிலில் உட்கார்ந்தாள். குஞ்சுகளைத் தாயோடு சேர்த்தே கணக்கு, தனியாகச் சுற்ற வேண்டாம் என்றாள். பிறகு மூக்கம்மாவின் பெட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டாள். நான் சுற்றிவிடுகிறேன் என்று சொன்னதற்கு, "ஒங்களுக்கு நம்பிக்கை கெடையாது, பலிக்காது" என்று தள்ளிவிட்டாள். கடைசிப் பெட்டையை இறக்கிவிட்டபோது அவள் முகம் வேர்த்திருந்தது. கட்டிலுக்குத் திரும்பினாள்.

நான் கையை விடவில்லை.

"என்ன?"

"நீயும் சுத்து."

"கோட்டி பிடிச்சிருச்சா?"

"மூணு சுத்து. வா."

"முப்பது வருசம் வீடு தங்காத ஆளு, இப்ப என்னச் சுத்தச் சொல்லுதீக" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நின்றது. உரலில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு என்னோடு நடந்தாள். சுண்ணாம்பு அவள் விரலில் ஒட்டியது. ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றின் பாதியில் கால் மடங்கியது, நின்று நின்று முடித்தோம். மூன்றாவதுக்கு அவளால் முடியவில்லை. தூக்கிக்கொண்டேன். நாற்பது கிலோ மூட்டையை விசிறி எறிந்த உடம்பு என்னுடையது. அந்த ஒரு சுற்றை அடி அடியாக வைத்து முடித்தேன். அவள் தலை என் தோளில் கிடந்தது. மூக்கம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இப்ப பலிக்குமா?" என்று காதோரம் கேட்டாள் வெயிலாச்சி.

"எனக்கு நம்பிக்க இருக்கு" என்றேன். பயமாகவும் இருந்தது. இரண்டையும் சொல்லியிருக்கலாம். கட்டிலில் கிடத்திவிட்டுக் கோழிகளுக்குக் குருணை போடப் போனேன்.

மார்ச் 10, திங்கள்

காலையில் கூட்டைத் திறந்தேன். மூக்கம்மாவின் பெட்டைகள் வேலிப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தன. செவலை ஓடைப் பக்கம் போகவே இல்லை, உரல் நிழலில் குஞ்சுகளை இறக்கைக்குள் வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறது.

வெயிலாச்சி தூங்குகிறாள். போர்வை ஏறி இறங்குகிறதா என்று வாசற்படியில் நின்று பார்த்தேன். இறங்கியது, ஏறியது. தண்ணீர்ச் சட்டியைக் கழுவி ஊற்றினேன். கம்பு போட்டேன்.